காற்றின் வழியும் கணக்கின் வழியும்: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் தங்குவிடுதிகளான வரலாறு

முன்னுரை

சிங்கப்பூரில் சுற்றுப்பயணிகளைத் தங்கவைத்து வாடகை பெறும் தொழிலைச் சூழலுக்குக் கேடின்றியும் செலவு குறைவாகவும் நடத்துவது எப்படி என்னும் வினா, பெரும்பாலும் பொறியியல் வினாவாகவே கருதப்படுகிறது. சிக்கனமான மின்விளக்கு, திறன்மிக்க குளிரூட்டி, நீர் குறைவாகப் பொழியும் குழாய் முதலியவற்றைப் பொருத்திவிட்டால் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பலரும் எண்ணுகின்றனர். ஆயின், தேக்கா எனத் தமிழர் வழங்கும் லிட்டில் இந்தியாவில் இவ்வினாவுக்கு ஒரு வரலாறும் உண்டு. இங்குள்ள சிறு விடுதிகள் பலவும் நூற்றாண்டு பழமையுடைய கடைவீடுகளுக்குள் இயங்குகின்றன. மின்சாரம் பரவலாவதற்கு முன்பு தோன்றிய கட்டட வகை அது. வெப்பத்தையும் ஈரத்தையும் எரிபொருள் செலவின்றித் தணிக்கும் உத்திகள் அதன் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தன. அவ்வுத்திகள் எவ்வாறு தோன்றின, எக்காரணங்களால் அடைபட்டன, இன்றைய விடுதியாளருக்கு அவை எவ்வாறு பயன்படும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்ட நிலை ஒன்றையும் தொடக்கத்திலேயே சுட்டுதல் வேண்டும். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை நாள் வாடகைக்கு விட இயலாது. 2017ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதி முதல் குறைந்த அளவு வாடகைக் காலம் மூன்று மாதமாகும். அதற்கு முன்னர் அது ஆறு மாதமாக இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு இன்றும் ஆறு மாதமே குறைந்த அளவாகும். ஆகவே, பிற நாடுகளில் கடலோர வீடும் மலையடிவாரக் குடிலும் பெறும் இடத்தை, இந்நகரில் உரிமம் பெற்ற விடுதிகளே பெறுகின்றன. லிட்டில் இந்தியாவைப் பொறுத்தவரை அவற்றுள் பல கடைவீட்டு விடுதிகளே.

சுண்ணாம்புக் கம்பம்

சிராங்கூன் சாலைப் பகுதியைப் பழந்தமிழ்க் குடியேறிகள் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். கம்போங் காப்போர் என்னும் மலாய்ப் பெயருக்கும் அதுவே பொருள். ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயமும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்னும் பெயரால் வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குச் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற்சூளைகளும் இயங்கின. நகரம் எழுவதற்கு வேண்டிய செங்கல்லும் சாந்தும் இவ்வட்டாரத்திலிருந்தும் சென்றன. அவ்வுழைப்பில் இந்தியக் கைதிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் குடியேற்ற நிலையமாக விளங்கியது. சாலைகள், பாலங்கள், அரசாங்கக் கட்டடங்கள் பலவும் அவர்கள் கையால் எழுந்தவை.

அவர்கள் கையாண்ட சாந்து குறித்த சான்று ஒன்று குறிப்பிடத்தக்கது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்ப்பூச்சு, சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கரும்பு வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைக்கப்பட்டது. கைதிகளின் மேற்பார்வை அதிகாரியாக இருந்த மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவுசெய்துள்ளார். சென்னைச் சுண்ணச்சாந்து எனப் பெயர்பெற்ற இம்முறைக்கும் செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்ப்பூச்சுக்கும் உள்ள உறவு வெளிப்படை. எளிய கடைவீடுகளுக்கு இத்தகைய உயர்ந்த பூச்சு கிட்டியிருக்காது. எனினும், செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவரே அவற்றுக்கும் பொதுவான அடிப்படை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உட்கொண்டு மீண்டும் வெளிவிடும் இயல்புடையது. இவ்வியல்பின் இன்றியமையாமை பின்னர் விளக்கப்படும்.

காற்றின் வழி

கடைவீட்டின் அமைப்பு எளிதானது. தெருவை நோக்கிய முகப்பு குறுகியது. உத்தரமாக இடப்பட்ட மரத்தின் நீளமே பெரும்பாலும் வீட்டின் அகலத்தை வரையறுத்தது. உட்புறமோ மிக நீண்டது. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளுக்குப் பொதுவானவை. ஆதலின் கதிரவனின் வெப்பம் முகப்பிலும் பின்புறத்திலும் கூரையிலுமே தாக்கும். பக்கச் சுவர்கள் ஒன்றுக்கொன்று நிழலாகும்.

முகப்பின் முன்னே அமைவது ஐந்தடிப் பாதை. பேச்சுவழக்கில் அஞ்சடி என்றும் மலாயில் காக்கி லீமா என்றும் இது வழங்கும். 1822ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு அளித்த அறிவுரையில், செங்கல்லாலும் ஓட்டாலும் அமையும் வீடுகள் ஒரே வகை முகப்பைக் கொண்டிருத்தல் வேண்டும் என்றும், தெருவின் இருபுறமும் தொடர்ச்சியான திறந்த மூடுநடை அமைதல் வேண்டும் என்றும் விதித்தார். வெயிலும் மழையும் சுவரை நேரே தாக்காமல் தடுத்த இந்நடை, நம் ஊர்த் திண்ணையைப் போலவே வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட நிழல்வெளியாயிற்று. அது வழிப்போக்கருக்கு உரியதா, வணிகருக்கு உரியதா என்னும் வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1888இல் நகராட்சி இந்நடைகளிலிருந்த தடைகளை அகற்ற முற்பட்டபோது கடையடைப்பும் கலவரமும் மூண்டன.

நீண்ட வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் அமைந்தது. சூடேறிய காற்று அதன்வழி மேலே செல்ல, அஞ்சடியின் நிழலில் தணிந்த காற்று முன்புறத்திலிருந்து உள்ளே இழுக்கப்படும். மேல்மாடிச் சன்னல்களின் சாய்பலகைகள் மழையைத் தடுத்துக் காற்றை விட்டன. கதவுக்கும் சன்னலுக்கும் மேலே அமைந்த காற்றுத்துளைகள் இரவில் சன்னலை அடைத்த பின்னரும் காற்றோட்டத்தைக் காத்தன. சில வீடுகளின் கூரைமேல் எழுப்பப்பட்ட சிறு கூரை, வெப்பக் காற்றுக்கு மற்றுமொரு வாயிலாயிற்று. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தை அறிந்த வாசகர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. தென்சீனக் கட்டட மரபு, மலாய் வீட்டின் காற்றோட்ட உத்திகள், ஆங்கிலேயர் விதித்த நகர விதிகள், இந்தியத் தொழிலாளரின் சூளைத்தொழில் ஆகியவை கலந்து உருவானதே சிங்கப்பூரின் கடைவீடு.

தடுப்பறைகளின் காலம்

இவ்வளவு காற்றோட்டத்துடன் அமைந்த வீடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயின் உறைவிடமாகப் பெயர்பெற்றது ஏன்? விடையைக் கட்டடத்தின் வடிவில் தேடுவதைவிட வாடகையின் கணக்கில் தேடுவதே பொருந்தும். துறைமுகம் வளர, தொழிலாளர் பெருகினர். ஒரு குடும்பத்துக்கும் ஒரு கடைக்குமாகக் கட்டப்பட்ட மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டன. நடுவில் அமைந்த அறைகளுக்குச் சன்னல் இல்லை. முற்றங்கள் சமையலிடமாகவும் சரக்கிடமாகவும் மாறிச் சுருங்கின. வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றதால் பின்புறக் காற்றும் தடைப்பட்டது.

நகரின் மிகுந்த இறப்பு விகிதத்தை ஆராய அமர்த்தப்பட்ட பேராசிரியர் சிம்சன் 1907இல் வெளியான தம் அறிக்கையில், காற்றும் ஒளியும் புகாத இத்தடுப்பறைகளையே முதன்மைக் குறையாகச் சுட்டினார். வீட்டு வரிசைகளின் பின்னே சந்துகள் திறக்கப்பட வேண்டும் எனவும் பரிந்துரைத்தார். 1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையின் தொடக்ககாலப் பணிகளுள் பின்சந்துகளைத் திறத்தலும் ஒன்று. ஆயினும் நெரிசல் தணியவில்லை. 1950களின் நடுவில் சைனாடவுனின் அப்பர் நான்கின் தெருவை ஆய்ந்து 1960இல் பேரிங்டன் கேய் வெளியிட்ட நூல், குடும்பங்கள் இன்னமும் சன்னலற்ற சிற்றறைகளில் வாழ்ந்ததைக் காட்டுகிறது.

தமிழர் வரலாற்றிலும் கூட்டுத்தங்கலுக்குத் தனி இடமுண்டு. மார்க்கெட் தெருவின் நகரத்தார் கிட்டங்கிகளில் கீழே பெட்டியடிகள் வரிசையாக அமைய, தொழில்நிமித்தம் குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆடவர் அதே கட்டடத்தில் உண்டு உறங்கினர். பகலில் தொழிற்கூடமாக விளங்கிய கூடம் இரவில் படுக்குமிடமாயிற்று. ஓரிடத்தைப் பலர் பகிர்ந்து செலவைக் குறைத்த இவ்வழக்கத்தில், தடுப்பு இன்மையால் காற்றோட்டம் தடைப்படவில்லை. தடுப்பறையோடு இதனை ஒப்பிட்டால், நெரிசலைக் காட்டிலும் காற்றின் வழி அடைபட்டதே பெருங்கேடு விளைவித்தது என்பது தெளிவாகும். இடத்தைக் கூறுபோட்டு வாடகையைப் பெருக்கியவர் இலாபம் பெற்றார். அதற்குரிய விலையைக் குடியிருந்தவரின் நுரையீரல் கொடுத்தது.

வாடகைக் கட்டுப்பாடும் மரபுப் பாதுகாப்பும்

போருக்குப் பின் 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைக் குடியிருப்பாளரைக் காத்தது. எனினும், வாடகை உறைந்து நின்றதால் பழுதுபார்க்கும் ஊக்கம் உரிமையாளர்க்கு இல்லாது போயிற்று. ஓடுகள் உடைந்தன, உத்தரங்கள் கறையானுக்கு இரையாயின. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். பழைய வரிசைகள் பல இடிக்கப்பட்டன.

1980களில் போக்கு மாறியது. 1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்த நெறி மூன்று கூறுகளை உடையது: இயன்றவரை பழையதைத் தக்கவைத்தல், தன்மையறிந்து மீட்டெடுத்தல், கவனத்துடன் பழுதுபார்த்தல். கூரை, பொதுச்சுவர், மர உத்தரம், முற்றம், பின்கட்டு வெளி, மரச்சன்னல், மரப்படிக்கட்டு, முகப்பு ஆகியன முதன்மைக் கூறுகளாக வரையறுக்கப்பட்டன. 2001இல் வாடகைக் கட்டுப்பாடு முற்றாக நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் இன்று 7,200க்கு மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்புப் பெற்றுள்ளன. இடித்துக் கட்டாமல் நின்ற ஒவ்வொரு சுவரும் புதிய சிமெண்டுக்கும் எஃகுக்கும் ஆகியிருக்கும் எரிபொருளை மிச்சப்படுத்தியது. ஆகவே மரபுப் பாதுகாப்பே இவ்வட்டாரத்தின் முதற் சூழல் நடவடிக்கை எனக் கருதுதல் தகும்.

தங்குவிடுதியாகும் கடைவீடு

வாடகை சந்தை விலைக்கு உயர்ந்ததும் கடைவீட்டுக்குப் புதிய பயன் தேவைப்பட்டது. 2000களில் முதுகுப்பைப் பயணிகளுக்கான கூட்டறை விடுதிகள் டன்லப் தெருவிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் பெருகின. டிக்சன் சாலையில் 1920களில் எழுந்த பழைய பள்ளிக் கட்டடம் ஒன்று 2010இல் வாண்டர்லஸ்ட் என்னும் விடுதியாகத் திறக்கப்பட்டது. செட்டிநாட்டிலும் இதற்கு இணையான மாற்றம் நிகழ்ந்தது. காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ் ஆகியவை பழைய கட்டடங்கள் விருந்தினர் இல்லங்களாகிப் பிழைத்தமைக்குச் சான்றுகள்.

ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடுண்டு. செட்டிநாட்டில் நிலம் மிகுதி. முற்றமே விருந்தினரை ஈர்க்கும் பொருள். சிங்கப்பூரிலோ ஒவ்வொரு சதுர அடியும் வாடகைக்குரியது. எனவே நீண்ட மாடி மீண்டும் சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டது. சன்னல் இல்லா அறை என்று வெளிப்படையாகவே விளம்பரப்படுத்திக் குறைந்த விலைக்குத் தரும் விடுதிகளும் உள்ளன. சிம்சன் கண்ட தடுப்பறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு குளிரூட்டியே. அக்காலத்தில் காற்று நின்றுபோனதால் நோய் வந்தது. இக்காலத்தில் காற்றின் வேலையை மின்சாரம் செய்கிறது. அன்று குடியிருப்பாளர் கொடுத்த விலையை இன்று விடுதியின் மின்கட்டணமும் வளிமண்டலமும் பகிர்ந்துகொள்கின்றன.

கணக்கு

இவ்விலையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். சிறிய அறைக் குளிரூட்டி மணிக்குச் சராசரி 0.6 அலகு மின்சாரம் கொள்வதாகவும் நாளுக்கு 12 மணி நேரம் இயங்குவதாகவும் கொள்வோம், நாளுக்கு 7.2 அலகு ஆகும். 2023 முதல் 2025 வரை சிங்கப்பூரின் வீட்டு மின்கட்டணம், பொருள் சேவை வரி நீங்கலாக, அலகுக்கு ஏறத்தாழ 27 முதல் 30 காசு வரை இருந்தது. 28 காசு எனக் கொண்டால், ஓர் அறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 வெள்ளி. ஆண்டுக்கு 730 வெள்ளிக்கு மேல். இருபது அறை கொண்ட விடுதிக்கு இது 14,700 வெள்ளியளவாகும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்தே பெறப்படுகிறது. ஓர் அலகுக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதாவது, ஓர் அறை நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறது. 50 வாட் மின்விசிறி அதே 12 மணி நேரத்திற்கு 0.6 அலகே கொள்ளும். செலவு 17 காசு.

குளிரூட்டியை முற்றாக விலக்குதல் இன்றைய பயணியிடம் எதிர்பார்க்கத் தக்கதன்று. ஆயின், அதன் பணிநேரத்தை நாளுக்கு மூன்று மணி குறைத்தாலே மேற்கண்ட விடுதிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,680 வெள்ளி மிஞ்சும். அம்மூன்று மணியை மீட்கும் வழிகளைக் கட்டடமே காட்டுகிறது. மூடப்பட்ட காற்றுத்துளைகளைத் திறத்தல், முற்றத்தை ஒட்டிய நடைவழிகளையும் பொது அறைகளையும் குளிரூட்டாது காற்றோட்டமாக விடுதல், சாய்பலகைச் சன்னல்களைப் பகலில் மூடி வெயிலைத் தடுத்தல், ஓட்டுக்கும் உட்கூரைக்கும் இடையே வெப்பத்தடுப்பு இடுதல் ஆகியன அவற்றுள் சில. அறையில் விசிறியைச் சுழலவிட்டுக் குளிரூட்டியை 25 அல்லது 26 பாகையில் நிறுத்தினால் உடலுக்குப் போதிய குளிர்ச்சி கிடைக்கும். கதவைத் திறந்தவுடன் குளிரூட்டி தானே நிற்கும் ஏற்பாடும், விருந்தினர் வெளியேறியதும் மின்சாரத்தை நிறுத்தும் சாவியட்டையும் சிறு முதலீட்டில் அமைவன.

சுவரைப் பற்றிய செய்தியும் இங்கே பொருந்தும். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சும் நெகிழித்தன்மை கொண்ட வண்ணமும் பூசினால், நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பூச்சு உதிரும், பூஞ்சை படரும். பின்னர் அவ்வீரத்தைப் போக்கக் குளிரூட்டியே மிகுதியாக உழைக்க நேரும். சுண்ணாம்புப் பூச்சும் ஈரம் கடத்தும் வண்ணமும் முதற்செலவில் சற்றுக் கூடுதலாயினும் ஆண்டுதோறும் வரும் பழுதுச் செலவைத் தவிர்க்கும். சுண்ணாம்புக் கம்பத்தில் சுண்ணாம்பை மறந்தமை வருந்தத்தக்க முரண்.

நீரின் விலையும் இவ்வாறே கருதத்தக்கது. நீர்ப் பாதுகாப்பு வரி 1991இல் விதிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் 1,000 லிட்டர் நீரின் விலை, வரியும் கழிவுநீர்க் கட்டணமும் உள்ளடங்க, 3.24 வெள்ளியாகும். நிமிடத்திற்கு 9 லிட்டர் பொழியும் குளியற் குழாயில் முப்பது விருந்தினரும் மூன்று நிமிடம் குறைத்துக் குளித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 950 வெள்ளி மிஞ்சும். நீரைச் சூடாக்கும் மின்சாரம் அதற்குமேல் மிச்சமாகும்.

அரசின் கொள்கையும் இத்திசையிலேயே செல்கிறது. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024இல் 25 வெள்ளியாயிற்று; 2026க்கும் 2027க்கும் 45 வெள்ளி என விதிக்கப்பட்டுள்ளது. இவ்வரி பெரிய ஆலைகள்மீதும் மின்னாலைகள்மீதுமே நேரே விழினும், அதன் ஒரு பகுதி மின்கட்டணத்தின் வழியே சிறு விடுதியையும் வந்தடையும். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் ஹோட்டல் சங்கமும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டித் திட்டம், 2025க்குள் 60 விழுக்காட்டு விடுதி அறைகள் அனைத்துலகச் சூழல் சான்றிதழ் பெறுதல் வேண்டும் என்றும், 2050க்குள் நிகர வெளியேற்றம் சுழியமாதல் வேண்டும் என்றும் இலக்கு வகுத்தது.

எல்லைகள்

பழைய அமைப்பை மீட்பதே முழுத் தீர்வு எனக் கொள்ளுதல் பிழையாகும். சிராங்கூன் சாலையின் போக்குவரத்து இரைச்சல் சன்னலைத் திறந்து உறங்க இடந்தருவதில்லை. 1997, 2013, 2015ஆம் ஆண்டுகளில் சூழ்ந்த புகைமூட்டத்தின்போது காற்றோட்டமே தீங்காயிற்று. முற்றத்து வடிகாலில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு பெருகும். மரப்படிக்கட்டும் திறந்த முற்றமும் தீ பரவும் வழியாகக்கூடும் என்பதால் தீத்தடுப்பு விதிகளைப் புறக்கணிக்க இயலாது. சன்னலுள்ள அறைகள் மட்டுமே அமைப்பதாயின் அறைகளின் எண்ணிக்கை குறையும்; உயர்ந்த வாடகை செலுத்தும் சிறு விடுதியாளர்க்கு அது எளிய முடிவன்று. முற்றத்தையும் காற்றுத்துளையையும் மீட்கும் செலவு உரிமையாளரைச் சார, மின்கட்டணம் குத்தகையாளரைச் சாருமிடத்து, இருவரும் செயற்பட ஊக்கமின்றி நிற்பர். வாடகைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பழுது பார்க்க ஆளில்லாமற்போனதும் இத்தகைய பிளவினாலேயே. குத்தகை உடன்படிக்கையிலேயே செலவையும் சேமிப்பையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அமைந்தாலன்றி இச்சிக்கல் தீராது.

முடிவுரை

லிட்டில் இந்தியாவின் கடைவீட்டு வரலாறு, காற்றுக்கு வழிவிட்டதும் அடைத்ததுமான வரலாறாக அமைந்துள்ளது. கட்டியோர் வழிவிட்டனர்; நெரிசலில் வாடகையைப் பெருக்கியோர் அடைத்தனர். பின்சந்துகள் சிறிது திறந்தன. மரபுப் பாதுகாப்பு கூட்டைக் காத்தது. விடுதித் தொழில் அக்கூட்டுக்குள் பழைய தடுப்பறையைப் புதிய வடிவில் எழுப்பியது. ஒவ்வொரு முறை அடைத்தபோதும் இலாபம் ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்குமாகப் பிரிந்தது. இன்று மின்கட்டணமும் நீர்க்கட்டணமும் கரிம வரியும் அச்செலவை விடுதியாளரின் பேரேட்டுக்கே திருப்பிக் கொணர்கின்றன. ஆதலின் சூழலைப் பேணுதலும் செலவைக் குறைத்தலும் இவ்வட்டாரத்தில் ஒரே பணியாகிவிட்டன.

விடுதியாளர் புதிய கருவியை வாங்கும் முன்னர் தம் கட்டடத்தின் முற்றம் எங்கே மூடப்பட்டது, காற்றுத்துளை எப்போது அடைக்கப்பட்டது, சுவரின்மேல் எது பூசப்பட்டது என்று ஆராய்தல் வேண்டும். சூளையில் உழைத்தோரின் பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளில் இல்லை. அவர்கள் சுட்ட செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு எழுந்த சுவர்களோ இன்றும் பயணிகளுக்கு நிழல் தருகின்றன. அச்சுவர்களை அவற்றின் இயல்பறிந்து பேணுதல், அவ்வுழைப்புக்கு நாம் செலுத்தும் கடனுமாகும்.